பக்கத்து அறையில் இருக்கிறது படம்

கேள்வி: என் மகளுக்கு இருபது வயது, ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காலமாகி ஓராண்டான என் அம்மாவை, நான்கடிக்கு மூன்றடி கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் மூன்று மாதம் வரைந்தாள். நான் அலுவலகத்தில் இருந்தபோது கைப்பேசிக்கு அனுப்பினாள். முகமெல்லாம் பச்சையும் சாம்பலும், சுருக்கங்கள் கத்தியால் கீறியதுபோல. "இதில் அழகே இல்லை" என்றேன். "அழகு பார்ப்பவர் கண்ணில்தான் இருக்கிறது" என்றாள். ஐந்து வாரமாகச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. படம் அவள் அறையில் இருக்கிறது, நான் அந்தப் பக்கம் போகவில்லை. அழகு எல்லோருக்கும் பொதுவா, ஆளுக்கு ஆள் மாறுவதா? நீங்கள் சொன்னால் கேட்பாள்.

பதில்: ஐயா, 'கைப்பேசிக்கு அனுப்பினாள்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. அந்த ஓவியத்தை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. ஐந்து வாரமாக அது ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிறது. பார்க்காத ஒன்றின் மேல் தீர்ப்பு எழுதிவிட்டு, அதற்கு என்னிடம் கையெழுத்து கேட்கிறீர்கள். போடமாட்டேன்.

நீங்கள் பார்த்தது என்னவென்று சொல்கிறேன். நான்கடி உயரம் கைப்பேசித் திரையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பரப்பில் அது அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அந்தக் கேமரா விளிம்புகளைத் தானாகவே கூர்மையாக்கும், அதில் மென்மையாகத் தீட்டிய சுருக்கம்கூடக் கீறலாகிவிடும். அறை விளக்கின் நிறத்தை அது தவறாகக் கணித்தால் படம் முழுக்கப் பச்சையோ மஞ்சளோ படரும். இதோடு, வார்னிஷ் பூசாத எண்ணெய் ஓவியத்தில் அடர்நிறப் பகுதிகளில் எண்ணெய் உள்ளிழுக்கப்பட்டு மேற்பரப்பு மங்கிச் சாம்பல் பூத்துப்போகும். வார்னிஷ் பூச வழக்கமாக ஆறு மாதமாவது காத்திருப்பார்கள். படம் முடிந்து ஐந்து வாரம்தான் ஆகிறது.

பச்சையை அவள் வேண்டுமென்றே வைத்திருக்கவும் கூடும். இத்தாலியின் இடைக்கால ஓவியர்கள் முகத்துக்குப் பச்சை மண் நிறத்தை அடியில் பூசி, மேலே இளஞ்சிவப்பை மெல்லிய அடுக்குகளாக ஏற்றினார்கள். ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தில் அந்தப் பச்சை லேசாக எட்டிப்பார்த்தால்தான் தோல் தோலாகத் தெரியும். மேலடுக்கு தேய்ந்துபோன பழைய படங்களில் முகங்கள் பச்சையாக நிற்பது அதனால்தான்.

இனி உங்கள் கேள்வி. முகங்களின் அழகில் மனிதர்கள் ஓரளவு ஒத்துப்போகிறார்கள், ஓவியங்களில் மிகக் குறைவாகவே ஒத்துப்போகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இசையிலும் அப்படித்தான். பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களுக்கு, நம் காதுக்கு இனிமையான சுரச்சேர்க்கையும் உறுத்தலான சுரச்சேர்க்கையும் ஒரே அளவு இனிமையாகவே பட்டன என்கிறது 2016-இல் வெளியான ஓர் ஆய்வு. இதையெல்லாம் மகளிடம் காட்டினால் தான் ஜெயித்ததாக நினைப்பாள். ஜெயிக்கவில்லை.

1790-இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் ஒரு கோடு கிழித்தார். 'எனக்குப் பிடிக்கிறது' என்பவர் தன்னைப் பற்றி மட்டுமே பேசுகிறார். 'இது அழகு' என்பவர் மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கோருகிறார். கோரிக்கை வைத்தவர் எதிரில் இருப்பவருக்குப் படத்தில் இடம் காட்டிப் பேசியாக வேண்டும். அதற்கு 33 ஆண்டுகள் முன்பே ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூம், ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடுவதை ஒப்புக்கொண்டுவிட்டு, நல்ல ரசிகருக்குப் பயிற்சியும் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவமும் முன்முடிவு இல்லாத மனமும் வேண்டும் என்று எழுதினார். உங்களிடம் இந்த மூன்றாவது இல்லை. அவளும் 'பார்ப்பவர் கண்' என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கக் கூடாது. மூன்று மாதம் உழைத்தவளுக்குத் தன் படத்தைப் பற்றிச் சொல்ல நூறு விஷயம் இருக்கும். ஆனால் கதவை முதலில் சாத்தியவர் நீங்கள். பெரியவர் நீங்கள்தான் திறக்க வேண்டும்.

பார்க்கப் பார்க்க எதுவும் பழகிப் பிடித்துவிடும், அது எப்படி அழகாகும் என்று கேட்பீர்கள். 2013-இல் வெளியான ஒரு சோதனையில், தரம் குறைந்தவை என்று ஆய்வாளர்கள் கருதிய ஓவியங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது பார்த்தவர்களின் விருப்பம் குறைந்தது. நிறையப் பார்ப்பது எல்லாவற்றையும் ஒரேபோல உயர்த்திவிடுவதில்லை.

ஆகவே அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, பகலில் அந்த அறைக்குப் போங்கள். நேர் வெயில் படாத சன்னல் வெளிச்சம் படத்தின் மேல் பக்கவாட்டில் விழட்டும். மஞ்சள் பல்பு வேண்டாம், அது நீலத்தை விழுங்கிவிடும். படத்தின் நடுப்பகுதி உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து பத்து நிமிடம் வாய் திறக்காமல் பாருங்கள். கண் முதலில் எங்கே போய் நிற்கிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். பிறகு இரண்டடிக்குள் வந்து, எந்த விளிம்பு கூர்மை, எது கரைந்திருக்கிறது என்று பாருங்கள்.

பச்சை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒளிக்கும் நிழலுக்கும் நடுவில் இருந்தால் அது அவள் யோசித்து வைத்தது. நிழல் முழுக்க ஒரே அழுக்குப் பச்சையாக இருந்தால், தோல் நிறத்தை இருட்டாக்கக் கறுப்பைக் கலந்திருப்பாள். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சையாகும், மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஒளி விழும் இடம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறியிருந்தால், வெறும் வெள்ளையைக் கூட்டியே வெளிச்சம் காட்டப் பார்த்திருக்கிறாள். இப்படி இடம் காட்டிச் சொன்னால் அவளால் திருத்த முடியும். 'அழகே இல்லை' என்பதை வைத்துக்கொண்டு அவள் எந்த இடத்தைத் திருத்துவாள்?

இன்னொன்று. உங்கள் கோபம் படத்தின் மேல்தானா என்று எனக்குச் சந்தேகம். அம்மாவின் முகம் நீங்கள் நினைவில் வைத்திருக்கும் முகமாக இல்லை என்பதுதான் உங்களை வருத்துகிறது. பார்க்க வலிக்கும் ஒன்றைக்கூடச் சித்திரத்தில் விரும்பிப் பார்க்கிறோம் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். முகத்தின் அழகு வேறு, படத்தின் அழகு வேறு. உங்கள் மகள் பாட்டியின் கடைசிக் காலத்து முகத்தோடு மூன்று மாதம் தனியாக இருந்திருக்கிறாள். இழப்பு உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிள்ளை செய்ததை முதலில் உட்கார்ந்து பார்ப்பது பெற்றவரின் கடமை. பிடிக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான்.

பத்து நிமிடம் ஆனதும் "எந்த இடத்தில் ஆரம்பித்தாய்?" என்று கேளுங்கள். அவள் விரல் காட்டும் இடத்தை எழுந்து போய்ப் பாருங்கள்.