லுவார் கோட்டைகளை ஒரே நாள்ல சைக்கிள்ல சுத்தலாமா?

செப்டம்பர்ல ஃப்ரான்ஸ்ல லுவார் ஆத்துப் பக்கம் போற ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "நானும் வீட்டுக்காரரும் ஞாயித்துக்கிழமைல 40 கிமீ வரைக்கும் ஓட்டுவோம், அதுக்கு மேல போனதில்ல. ப்ளுவா ஊர்ல ஆரம்பிச்சு ஷாம்போர், ஷெவெர்னி ரெண்டு கோட்டையையும் பாத்துட்டு அதே நாள் திரும்ப முடியுமா? எந்தப் பக்கமா சுத்தணும்? ரோட் பைக்தான் (மெலிசான டயர் போட்ட ரேஸ் மாதிரி சைக்கிள்) வேணுமா?"

முடியும், தாராளமா முடியும். இந்த வட்டம் மொத்தமே 55-லிருந்து 60 கிமீதான், மலைன்னு ஒண்ணும் கிடையாது, அங்கங்க சின்னச் சின்ன மேடு இருக்கும், 40 ஓட்டுறவங்க கால் இதுக்குத் தாங்கும். இங்க சொதப்புறவங்க பெரும்பாலும் கால் வலிச்சு சொதப்புறதில்ல, நேரத்தக் கணக்கு பண்ணாமதான் சொதப்புறாங்க. கணக்கப் பாருங்க, மணிக்கு 18 கிமீன்னு நிதானமா ஓட்டினாலும் சீட்டுல இருக்கற நேரம் மூணேகால் மணி, ஆனா ஷாம்போர் உள்ள போனா ரெண்டு மணி நேரம் சாதாரணமா ஓடிடும், ஷெவெர்னி ஒன்றரை, சாப்பாடு ஒரு மணி, ஃபோட்டோ, தண்ணி, வழி தப்பறதுன்னு இன்னொரு ஒரு மணி, ஆக மொத்தம் ஒன்பது மணி நேரம் ஆயிடுது. காலைல 9 மணிக்குள்ள கிளம்பினா எல்லாம் நடக்கும். 11 மணிக்கு கிளம்பினா ஏதாவது ஒரு கோட்டைய விட்டே ஆகணும், அதை முன்னாடியே முடிவு பண்ணிட்டு போங்க, வழியில நின்னு வீட்டுக்காரரோட விவாதம் பண்ண வேண்டாம்.

எதை விடலாம்னு கேட்டா என் பதில் இது. ஷாம்போர வெளியில இருந்து பாக்கறதுக்கே அத்தனை அழகு, அதைச் சுத்தி நடக்க டிக்கெட் வேண்டாம், அதனால நேரம் இல்லன்னா அங்க வெளிய நின்னு பாத்துட்டு ஷெவெர்னிக்கு டிக்கெட் எடுங்க, ஏன்னா ஷெவெர்னியோட விசேஷமே உள்ள இருக்கற மர வேலைப்பாடும் ஃபர்னிச்சரும்தான், வெளிய கேட்டோட நின்னா பாதி கூட தெரியாது. டின்டின் காமிக்ஸ் படிச்சிருந்தா இன்னும் சந்தோஷப்படுவீங்க, கேப்டன் ஹாடாக்கோட மாளிகைய எர்ஜே வரைஞ்சது இந்த ஷெவெர்னிய வெச்சுதான், ரெண்டு ஓரத்துல இருக்கற கட்டடத்த மட்டும் வெட்டிட்டாரு. நேரம் இருந்தா ஷாம்போர் உள்ளயும் கண்டிப்பா போங்க, 1519-ல முதலாம் ஃப்ரான்ஸ்வா ராஜா ஆரம்பிச்சது, நடுவுல ரெட்டைச் சுருள் படிக்கட்டு, ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் இறங்கலாம், ஜன்னல் வழியா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கலாம், ஆனா படியில எதிர எதிர வரவே மாட்டீங்க. நீங்க ரெண்டு பேர் போறீங்க, ஆளுக்கொரு படியில ஏறிப் பாருங்க.

இப்போ எந்தப் பக்கம்ங்கறது. கடிகார முள் சுத்தற பக்கமாவே போங்க, காரணம் காத்து. லுவார் பள்ளத்தாக்குல காத்து பெரும்பாலும் மேற்குல இல்லன்னா தென்மேற்குல இருந்து அடிக்கும், மதியத்துக்கு மேல வலுக்கும். ப்ளுவால பாலத்தைத் தாண்டி தென்கரைக்கு வந்து ஆத்துக்கு எதிர்த் திசையில, அதாவது வடகிழக்கா சேன்-தியேங்கற ஊர் வரைக்கும் போனா காலைல காத்து முதுகுல இருக்கும், கரை மேல மறைவே இல்லாத அந்த 15 கிமீய சுலபமா முடிச்சிடலாம். திரும்பும்போது மேற்க பாத்து வரணும், எதிர்க்காத்துதான், ஆனா அப்போ சொலோன் காடும் ரூசி காடும் உங்கள மறைச்சுக்கும். தலைகீழா சுத்தினா களைச்சுப்போன நேரத்துல ஆத்தங்கரைல வெட்டவெளில எதிர்க்காத்துல மாட்டிப்பீங்க, 60 கிமீ 80 மாதிரி தோணும். முந்தின நாள் ராத்திரி காத்து எந்தப் பக்கம்னு ஒரு தடவை பாத்துடுங்க, கிழக்குக் காத்து அடிக்கிற நாள்னா மட்டும் மாத்தி சுத்தறத யோசிக்கலாம்.

சேன்-தியேல ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க. ஷாம்போர் கட்டின கல்லு படகுல வந்து இறங்கின துறை இது, இன்னிக்கும் கல் பாவின கரை, அமைதியான ஊர். செப்டம்பர்ல லுவார்ல தண்ணி குறைஞ்சு மணல் திட்டெல்லாம் வெளிய தெரியும், முழங்கால் ஆழம்தானேன்னு தோணும், தயவுசெஞ்சு இறங்காதீங்க, அடியில மணல் நகர்ந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு குழி, இழுப்பும் ஜாஸ்தி, உயிர் போயிருக்கு. அங்க இருந்து உள்ள திரும்பினா 5 கிமீ பக்கம் ஷாம்போர். நடுவுல ஒரு நீண்ட மதில் வரும், அது மொத்தம் 32 கிமீ, ஒரு காட்டையே உள்ள வெச்சு கட்டினது. உள்ள மானும் காட்டுப்பன்னியும் இருக்கு, செப்டம்பர் நடுவுல இருந்து ஆண் மான் கத்தற சீசன், சாயங்காலம் ஆச்சுன்னா ரோட்டைக் குறுக்க பாயும், அதனால அந்தப் பகுதிய பகல்லயே கடந்துடுங்க.

ஷாம்போர்ல இருந்து தெற்கா போனா வில்சவான்னு ஒரு சின்ன மாளிகை, ஷாம்போர் வேலைய மேற்பார்த்த ழான் ல ப்ரெதோன் தனக்குன்னு கட்டிக்கிட்டது, அப்புறம் ப்ராசியூன்னு ஒரு சின்ன ஊர். இங்கதான் சாப்பாடு. மதியம் 12-லிருந்து 2 மணி வரைக்கும்தான் பெரும்பாலான ஹோட்டல்ல சமையல் நடக்கும், 2:10-க்கு போனா காஃபிதான் கிடைக்கும். பேக்கரியும் மதியம் மூடிடுவாங்க, திங்கக்கிழமை நிறைய கடை திறக்காது. அதனால காலைல ப்ளுவாலயே ரெண்டு சாண்ட்விச் வாங்கி பையில போட்டுக்கிறது புத்திசாலித்தனம். தண்ணிக்கு ஒரு வழி சொல்றேன், கிராமத்து கல்லறைத் தோட்டத்துல பூச்செடிக்கு ஊத்த குழாய் இருக்கும், அங்க லோக்கல் சைக்கிள்காரங்க பாட்டில் நிரப்பிக்குவாங்க, ஆனா "நோன் போத்தாப்ள்"னு எழுதியிருந்தா அது குடிக்கிற தண்ணி இல்ல, தொடாதீங்க.

ப்ராசியூல இருந்து ஷெவெர்னி, அப்புறம் செலெத்ங்கற ஊர், இந்த பாதி முழுக்க திராட்சைத் தோட்டம், சின்னக் காடு, கிராமம்னு போகும். செலெத் பக்கத்துல போர்கார் மாளிகை, 327 முகச்சித்திரம் மாட்டின ஒரு நீள ஹால் இருக்கு, ஆனா அன்னிக்கு மூணாவதா ஒரு கோட்டை வேண்டாம், கண்ணும் களைச்சிடும்.

பைக் விஷயம். சுத்தமான ரோட் பைக் வாடகைக்கு கிடைக்கறது கொஞ்சம் கஷ்டம், டூரிங் பைக்கும் எலக்ட்ரிக்கும்தான் ஜாஸ்தி இருக்கும், அதுக்காக கவலையே படாதீங்க. சைக்கிள் பாதையில தார் ரோடும் வரும், இறுக்கிப் போட்ட பொடி ஜல்லி மண்ணும் வரும், 25 மிமீ அகல டயர்ல அது சுகமா இருக்காது, ரோட் பைக்கே கிடைச்சாலும் 28-க்கு மேல டயர் இருக்கான்னு கேளுங்க. கிளீட் ஷூ (பெடல்ல மாட்டிக்கிற கொக்கி வெச்ச ஷூ) வேண்டாம், ஷாம்போர் கல் படியில வழுக்கும், நடக்க முடியாது, சாதா ஷூ போதும். நல்ல பூட்டு கண்டிப்பா, ரெண்டு பைக்கையும் சேத்து ஃப்ரேமோட பூட்டுங்க.

வண்டிய வாங்கின உடனே கடை வாசல்லயே பிரேக்க அழுத்திப் பாருங்க. அங்க முன் பிரேக் பெரும்பாலும் இடது கையில இருக்கும், நம்ம ஊர்ல வலது கையில. பதட்டத்துல பின் பிரேக்குன்னு நினைச்சு இடதுகைய இறுக்கிப் பிடிச்சா முன்னாடி கவுந்துடும், இதை நான் ரொம்ப சீரியஸா சொல்றேன், ரெண்டு தெரு ஓட்டிப் பழகிட்டு கிளம்புங்க. ரோட்டுல வலது பக்கம் ஓட்டணும், ரவுண்டானால கடிகார முள்ளுக்கு எதிர்ப் பக்கமா சுத்தணும், உள்ள நுழையும்போது இடது பக்கம் பாக்கணும், போர்டு எதுவும் இல்லாத சின்ன சந்திப்புல வலது பக்கத்துல இருந்து வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. ஓட்டும்போது இயர்ஃபோன் போட்டா 135 யூரோ அபராதம். ஊருக்கு வெளிய இருட்டிட்டா ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் கட்டாயம், செப்டம்பர் நடுவுல 8 மணிக்கு மேலதான் சூரியன் மறையும்னாலும் ஒண்ணு பையில இருக்கட்டும்.

பாரீஸ்ல இருந்து அன்னிக்கே வந்து போறதா இருந்தா ஆஸ்டர்லிட்ஸ் ஸ்டேஷன்ல ரயில், சொந்த சைக்கிளோட வந்தீங்கன்னா அதுக்கு தனியா இடம் பதியணுமான்னு டிக்கெட் போடும்போதே பாருங்க. இன்னொண்ணு, ப்ளுவா ஸ்டேஷன் ஆத்துக்கு மேல மேட்டுல இருக்கு, காலைல சர்ருனு இறங்கினது சாயங்காலம் பாலத்தைத் தாண்டினதும் ஏத்தமா வரும், அன்னிக்கு முழுக்க இருக்கற ஒரே நிஜமான ஏத்தம் அதுதான். தள்ளிக்கிட்டே போகலாம், தப்பில்ல, ஆனா அதுக்குன்னு 20 நிமிஷம் ஒதுக்கி ரயிலப் பிடிங்க, முடிஞ்சா கடைசி ரயிலுக்கு முந்தின ரயிலுக்கே டிக்கெட் போடுங்க.