மூன்று கணினிக்கு மூன்று கனெக்‌ஷன் தேவையா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீடு வாசலிலிருந்து புறவாசல் வரை நீளமானது. முன்னறையில் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஃபைபர் இணைய இணைப்பு இருக்கிறது. மகன், மருமகள், பேத்தி மூவருக்கும் தனித்தனிக் கணினி. பின்கட்டில் வைஃபை எட்டவில்லை. கணினிக்கு ஒரு கனெக்‌ஷன் போட வேண்டும் என்கிறார் லைன் கொடுத்தவர். உண்மையா?

பதில்: இல்லை. ஒரே இணைப்பு தாராளமாகப் போதும். முன்னறையில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியிலேயே பெரும்பாலும் ரவுட்டரும் இருக்கும். கம்பெனி தரும் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் தனி எண் கொடுத்துப் பிரித்து அனுப்புவதுதான் அதன் வேலை. ஒரு வீடியோ அழைப்புக்குச் சில எம்பிபிஎஸ் போதும். மூவரும் ஒரே நேரத்தில் பேசினாலும் 100 தாங்கும். கணினியை எண்ணிக் காசு கேட்டால், "பிளானில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

உங்கள் சிக்கல் கனெக்‌ஷனில் இல்லை, சுவரில் இருக்கிறது. பழைய வீட்டின் கனமான சுவர்கள் இரண்டு மூன்றைத் தாண்டுவதற்குள் வைஃபை சோர்ந்துவிடும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இன்னும் சீக்கிரம் நின்றுபோகும். இதற்குத்தான் கடையில் ஆறு ஆன்டெனா ரவுட்டரையும், வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பூஸ்டரையும் தலையில் கட்டுவார்கள். சிக்னலே வராத இடத்தில் பூஸ்டர் வைத்து என்ன பயன்? முன்னறையிலிருந்து பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் (இணையத்தைக் கொண்டுபோகும் கம்பி) இழுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். கேட் 5இ அல்லது கேட் 6 ரகம், முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியத்தை அதே விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள். பின்கட்டில் ஒரு சாதாரண ரவுட்டரை "ஆக்சஸ் பாயிண்ட் மோடில்", அதாவது கேபிளில் வரும் இணையத்தை அங்கே வைஃபையாகப் பரப்பும்படி, வைக்கச் சொன்னால் போதும்.

தனி கனெக்‌ஷன் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருப்பவருக்கு உங்கள் வைஃபையைக் கொடுக்காதீர்கள். அவர் எதைச் செய்தாலும் இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கிறது; விசாரணை வந்தால் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நல்லவர், சொந்தக்காரர், மாதம் பாதிக் காசு தருகிறார் என்றாலும் வேண்டாம். அவர் பெயரில், அவர் ஆவணத்தில், அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், ரவுட்டரின் அமைப்புகளை மாற்றத் தேவையான அட்மின் பாஸ்வேர்டை, அதை மாட்டியவரே வைத்துக்கொண்டு, சின்ன மாற்றத்துக்கும் வந்துபோகக் காசு வாங்குகிறார்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்குத் தன் வீட்டுப் பெட்டியைத் திறக்க வழியில்லை என்பதை எந்தக் கம்பெனியும் கண்டுகொள்வதில்லை. கம்பெனிக்கே போன் போட்டுக் கேளுங்கள், புகார் எண்ணை எழுதி வையுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.