திங்கட்கிழமை யார் திறப்பது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பிறகு தன் வீட்டு மாடியில் மாலை வகுப்பு நடத்தினார். காசு வாங்கமாட்டார். அப்பா அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். நான் அங்கே படித்து, பிறகு ஏழு வருடம் அங்கேயே சின்ன வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போன மாதம் சார் இறந்துவிட்டார். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். ‘சாருடைய இடத்தை யாராலும் நிரப்ப முடியாது’ என்று சொல்லி அழுதுவிட்டேன். படியிறங்கும்போது சாருடைய மகள் கேட்டார்: ‘திங்கட்கிழமை யாரு வந்து திறக்குறீங்க?’ எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வாரமாக மாடி பூட்டிக்கிடக்கிறது. பழைய மாணவர்கள் நினைவு மலர் போடலாம் என்கிறார்கள். சாரைப் பற்றி எப்படி எழுதுவது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ச., சிவகாசி பக்கம்

அன்புள்ள ச.,

மலரைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த மகளின் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்பது நாம் கேட்காமலேயே பேனர் அடிக்கிறவர் போட்டுக்கொடுத்துவிடும் வரி. நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். வீட்டாருக்கு அது உண்மை. ஆனால் ஒரு காரியத்தைத் தொடங்கி, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நடத்தியவருக்கு அது பாராட்டுதானா? எனக்கு இந்தச் சந்தேகத்தை உண்டாக்கியவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி. உங்கள் கரிசல் பக்கத்துக்காரர்தான். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர்.

முதலில் என் அப்பத்தா கதை. எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். அப்பத்தாவுக்குப் புரை முற்றியிருந்தது. அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சில நாள் கழித்து வந்து இறங்கினார். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது; அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தார். ‘ஆப்பரேசன் பண்ணுனது எந்த டாக்டரு?’ என்று கேட்டேன். ‘யாரு கண்டா? வரிசையாப் படுக்க வச்சாக. ஒரு பிள்ள கையப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு’ என்றார்.

டாக்டர் யாரென்று தெரியாமல் கண் பெற்றுவந்த கிழவி. அப்போது எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அதுதான் வெங்கடசாமி கட்டிய வீடு என்று பின்னால்தான் புரிந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் வாங்கிய அவருக்குப் பிரசவ மருத்துவராகத்தான் ஆசை. ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது மூட்டுவாதம் வந்து படுத்த படுக்கையாக்கியது. முப்பது வயதில் விரல்கள் கோணிக்கொண்டன. பிரசவம் பார்க்க முடியாது என்றானபோது கண் மருத்துவத்துக்குத் திரும்பினார். அந்தக் கோணல் விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அஞ்சலிக் கட்டுரைகள் எல்லாம் இந்த விரல்களைச் சொல்லி உருகும். உருகட்டும். ஆனால் கை ஒருநாள் ஓடாமல் போகும் என்பதை முப்பது வயதிலேயே பார்த்துவிட்டவர், பிறகு எந்த ஒற்றைக் கையையும் நம்பிக் காரியத்தை விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1976இல், அரசுப் பணியில் ஓய்வுபெற்ற கையோடு, 11 படுக்கைகளோடு தொடங்கினார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி எனக் குடும்பமே கூட நின்றது. வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. அவருடைய உண்மையான வேலை இதற்குப் பின்னால்தான். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்துவிட்டு, யார் செய்தாலும் எந்த ஊரிலும் ஒரே மாதிரி வருகிறதே, கண் சிகிச்சை ஏன் அப்படி வரக்கூடாது என்று யோசித்தார். அரவிந்தரின் பக்தர், ஆஸ்பத்திரிக்கே அவர் பெயரை வைத்தவர், பர்கர் கடையைப் போய் உதாரணம் காட்டுவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அங்கேதான்.

அறுவை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகிவிடுவார். மருத்துவர் திரும்பினால் போதும். தயார் செய்வது, கண்ணுக்குச் சொட்டு விடுவது, கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் கிராமத்திலிருந்து வந்து இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள். அப்பத்தா சொன்ன அந்தப் பிள்ளை அவர்களில் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பணம் கட்டுகிறவர் கட்டலாம், முடியாதவர் இலவசப் பிரிவுக்குப் போகலாம்; வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. இலவசம் என்றாலும் ஜனங்கள் வரத் தயங்கியபோது காரணத்தைத் தேடினார்கள். பஸ் செலவு, சாப்பாடு, போகிற கூலி. அதனால்தான் ஏற்றிக்கொண்டுபோய்ச் சோறும் போட்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை. 1992இல் அரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி மதுரையிலேயே செய்தார்கள். தங்கள் முறையை மற்ற ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனியே ஒரு நிறுவனமும் வைத்தார்கள். தொழில் ரகசியத்தைக் கூப்பிட்டுவைத்துக் கற்றுக்கொடுப்பதை நம் ஊரில் வேறெங்கும் நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் 2006 ஜூலை 7இல், 87 வயதில் காலமானார். அதற்கு முன்பே தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரியில் கிளைகள் வந்திருந்தன. அவர் போன பிறகும் சிகிச்சைகளின் எண்ணிக்கை கூடியது. சென்னைக் கிளை வந்தது 2017இல். அவரை ஈடுசெய்ய முடியாமல் போயிருந்தால் நஷ்டம் யாருக்கு? என் அப்பத்தா மாதிரியான கிழவிகளுக்கு.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் அவர் குடும்பத்தார்தான். வெளியாள் தலைமைக்கு வந்திருந்தால் என் வாதத்துக்கு இன்னும் வலு இருந்திருக்கும். ஆனால் அந்தக் குடும்பம் ரத்த பாசத்தால் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அரங்கில் அவர் பக்கத்தில் வருடக்கணக்காக நின்று கற்றுக்கொண்டது.

நீங்களும் ஏழு வருடம் நின்றிருக்கிறீர்கள். சார் பின்னக் கணக்கை எங்கிருந்து தொடங்குவார், வராத பிள்ளையின் வீட்டுக்கு எத்தனையாவது நாள் ஆள் அனுப்புவார், எந்தப் பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிடவே மாட்டார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மலரில் எழுதுவதாக இருந்தால் இவற்றை எழுதுங்கள். ‘இமயம்’, ‘சகாப்தம்’ எல்லாம் வேண்டாம். அடுத்து வந்து சொல்லிக்கொடுக்கப்போகிறவர் படித்துவிட்டு நேரே வகுப்புக்குப் போகிற மாதிரி இருக்க வேண்டும்.

அவரளவுக்கு உங்களுக்கு வராது, சரி. பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கும். முதல் வாரம் ஆறு பிள்ளைகள்கூட வராமல் போகலாம்.

மாடிச் சாவி சாருடைய மகளிடம் இருக்கும். வருகைப் பதிவேடு யாரிடம் இருக்கிறது?