ஆபீசில் வேலை விஷயத்தை ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறேன். ஆனால் சும்மா நாலு வார்த்தை பேச வரவில்லை. என்ன செய்வது?

வேலை விஷயம் பேச வருகிறது என்றால் உங்களுக்கு ஆங்கிலம் வருகிறது. மீட்டிங்கில் சொல்வதற்குத் தகவல் இருக்கிறது, அதனால் வாய் திறக்கிறது. டீ போடும் இடத்தில் சொல்ல ஒரு தகவலும் இல்லை, அதனால் வாயடைத்துப் போகிறது. இதை இங்கே நிறைய நம்மவர்களிடம் பார்க்கிறேன். மரியாதைக்காகத்தான் ஒதுங்கி நிற்பார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவர் "இவருக்கு நம்மோடு ஒட்டப் பிடிக்கவில்லை" என்று எடுத்துக்கொள்வார். அதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நான் இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கம் வேலை பார்க்கிறேன். சொல்வதெல்லாம் இங்கே கண்டதை வைத்துத்தான்.

நான் கவனித்தவரை, சூட்சுமம் முழுக்க இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. "ஹௌ வாஸ் யுவர் வீக்கெண்ட்?" என்று கேட்டால் நாம் "குட், தேங்க்ஸ்" என்போம். இலக்கணம் சரி, பணிவும் சரி. ஆனால் கேட்டவருக்கு அடுத்து பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அந்த "குட், தேங்க்ஸ்"க்குப் பிறகு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டு, கேள்வியை அவரிடமே திருப்புங்கள். அவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன். இங்கே டீ போட எழுந்து போகிறவர் சுற்றி இருப்பவர்களையும் "உங்களுக்கும் வேண்டுமா?" என்று கேட்பது வழக்கம். கெட்டில் கொதிக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அந்த நேரத்துக்கான பேச்சுதான் ஸ்மால் டாக். எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த திருநெல்வேலித் தம்பி ஒருவர், யாராவது ஏதாவது கேட்டால் "யெஸ், வெரி குட்" என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "வீட்டில் நடந்ததில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள் தம்பி" என்றேன். அடுத்த திங்கட்கிழமை, ரிட்டயர் ஆகப்போகும் ஒரு பெரியவர் கெட்டில் பக்கத்தில் நின்று வீக்கெண்ட் எப்படி என்று கேட்டார். தம்பி சொன்னார்: "குட், தேங்க்ஸ். ஐ ட்ரைட் மேக்கிங் தோசை, பட் த பேட்டர் வுடன்ட் ரைஸ் இன் திஸ் கோல்ட். ஹௌ அபௌட் யூ?"

பெரியவர் வீட்டிலேயே ரொட்டி சுடுகிறவர். மாவு பொங்கவில்லை என்றதும் முகமே மாறிவிட்டது. இங்கே பழைய வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் சின்ன அலமாரி ஒன்று உண்டு, எப்போதும் கதகதப்பாக இருக்கும். "அதற்குள் வை" என்றார். அது இல்லையென்றால் ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடச் சொன்னார். அதற்கடுத்த திங்கட்கிழமை அவரே தேடி வந்து, "டிட் இட் ரைஸ்?" என்று கேட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. போன வாரம் எதிராளி சொன்னதை ஞாபகம் வைத்து இந்த வாரம் கேட்பதைவிடப் பெரிய மரியாதை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாரா? மறுவாரம் நாய் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நாயின் பெயரோடு கேட்டால் இன்னும் நல்லது.

இது ஏதோ வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர், பப்புவா நியூ கினி பக்கத்துத் தீவுகளில் வாழ்ந்து பார்த்துவிட்டு 1923-இல் எழுதிய கட்டுரையில், தகவல் சொல்வதற்காக இல்லாமல் உறவுக்காகவே பேசும் பேச்சு என்று இதைத் தனியாக அடையாளம் காட்டினார். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைப் பார்த்து "என்னண்ணே, இந்தப் பக்கம்?" என்று கேட்கிறோமே, அதேதான்.

வானிலைப் பேச்சும் அப்படித்தான். இரண்டு ஆங்கிலேயர் சந்தித்தால் முதலில் வானிலையைத்தான் பேசுவார்கள் என்று ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1758-லேயே எழுதிவிட்டார். வானம் எல்லோருக்கும் பொது, யார் மனசும் புண்படாது. "கோல்ட், இஸின்ட் இட்?" என்றால் ஆமாம் போட்டுவிடுங்கள். நேற்றைவிட இன்று குளிர் குறைவு என்று திருத்த வேண்டாம், அவர் கணக்குக் கேட்கவில்லை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவது, ஜூனில் ராத்திரி ஒன்பதுக்கு மேலும் வெளிச்சம் இருப்பது, மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மாற்றுவது, இதெல்லாம் இங்கே வருஷாவருஷம் அலுக்காமல் ஓடும் பேச்சு. சென்னையில் இருந்துகொண்டு கிளையன்ட்டோடு பேசுகிறீர்கள் என்றால் மே மாத வெயில், நவம்பர் மழை, பொங்கல் லீவு எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. கான்ஃபரன்ஸ் காலில் மற்றவர்கள் சேரும்வரை இருக்கும் அந்த இரண்டு நிமிஷத்தை மியூட்டில் கழிக்காதீர்கள்.

கேட்கக் கூடாதவை: சம்பளம், வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் குழந்தை இல்லை, ஏன் இளைத்துவிட்டீர்கள். நம் ஊரில் இவை பாசத்தில் வரும் கேள்விகள். இங்கே காயப்படுத்தும். அவராகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மட்டும் மேலே போங்கள். யார் வீட்டுக்காவது பார்ட்டிக்குப் போனால், அழைத்தவரை எப்படித் தெரியும் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். எல்லோரிடமும் அதற்கு ஒரு கதை இருக்கும். வேலையைப் பற்றிக் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல். குடிக்கிற பழக்கம் இல்லையென்றால் ஜூஸ் டம்ளரோடு நில்லுங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

நடந்துகொண்டே "யூ ஆல்ரைட்?" என்று ஒருவர் கேட்டால் அது வெறும் வணக்கம். "யெஸ், யூ?" போதும். "வீ மஸ்ட் மீட் அப் சம்டைம்" என்று சொல்லிவிட்டு நாள் குறிக்கவில்லையா? அது அன்பு, அழைப்பு இல்லை. மனசு வாட வேண்டாம். உச்சரிப்பு புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டாமல் "ஸாரி, ஐ மிஸ்ட் தட்" என்று சொல்லுங்கள், மறுபடி சொல்வார்கள்.

முடிக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்திலேயே பலர் ஆரம்பிப்பதில்லை. "ரைட், ஐட் பெட்டர் கெட் ஆன்" என்று சொல்லிவிட்டு நகரலாம். இங்கே எல்லோரும் அப்படித்தான் நகர்கிறார்கள்.

ஞாயிறு ராத்திரியே ஒரு விஷயத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த படம், சமைத்த குழம்பு, பிள்ளையின் ஸ்கூல் விழா, எதுவானாலும் சரி. அதை ஆங்கிலத்தில் இரண்டே வரியில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் ஓட்டினால் போதாது, நாக்கு பழக வேண்டும். மறுநாள் காலையில் யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.