காளானுக்கும் ஒரு வேஷம்

கேள்வி: கோல்டன் குளோப், ஆஸ்கர் மேடைகளில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் பருவநிலை, பெண்ணுரிமை என்று உருகுகிறார்களே, எல்லாம் வேஷம்தானே?
- ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: வேஷம் என்ற சொல்லைத் திட்டுவதற்கு எடுக்காதீர்கள். (இப்படி அச்சிட்டால் ‘வேஷம் அல்ல, வேடம்’ என்று கண்டித்து ஓர் அஞ்சலட்டை வரும். பல வருடமாக வருகிறது. அடியில் கையெழுத்து மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்.) தெருக்கூத்தில் துரியோதனன் கட்டுகிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடம், புஜக்கட்டை, முகம் நிறைய அரிதாரம். விடிய விடிய ஆடிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நிற்பார். டீக்கடையில் அவர் துரியோதனன் இல்லை, கடன் சொல்லி டீ குடிக்கிறவர். அவர் வேஷத்தைக் கலைத்துவிடுகிறார். நீங்கள் சொல்கிற ஆட்களுக்கு அந்தத் தேங்காய் எண்ணெய் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டியில் கொட்டும் பனியில் பெண்கள் பேரணி நடந்தது. அதில் அவரும் நடந்தார். அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் அவர்மீது பெண்கள் சொன்ன பல வருடப் பாலியல் புகார்கள் வெளியாயின. ஜனவரிக்கும் அக்டோபருக்கும் நடுவில் அந்தத் தொழிலில் ஒருவருக்குமே ஒன்றும் தெரியாதாம். மூன்று மாதம் கழித்துக் கோல்டன் குளோப் விழாவுக்கு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆதரவு என்று, எல்லாரும் கறுப்பு உடையில் வந்தார்கள். அப்படிப்பட்ட பெண்களின் வழக்குச் செலவுக்கு ‘டைம்ஸ் அப்’ என்று ஓர் இயக்கம் வைத்து நிதி திரட்டினார்கள், அது நல்ல காரியம். ஆனால் அந்த இயக்கத்தின் தலைவர்களே, பாலியல் புகாருக்கு ஆளான நியூயார்க் ஆளுநரின் தரப்புக்கு யோசனை சொல்லி மாட்டிக்கொண்டு 2021-இல் பதவி விலகினார்கள். 2023-இல் கடையை மூடியாகிவிட்டது. கறுப்பு உடைகள் எந்த அலமாரியில் இருக்கின்றனவோ.

கூத்தில் ராஜாவை முகத்துக்கு நேரே கிண்டல் செய்யக் கட்டியங்காரன் உண்டு. அவர்களுக்கும் ஒருவர் வாய்த்தார்: பிரிட்டிஷ் நகைச்சுவைக்காரர் ரிக்கி ஜெர்வைஸ். 2020 ஜனவரியில் அதே விழாவில், ஊருக்கு உபதேசம் செய்யும் தகுதி உங்களில் யாருக்கும் இல்லை, விருதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள் என்றார். கீழே உட்கார்ந்திருந்த நடிகர் டாம் ஹாங்க்ஸின் முகம் வேப்பங்காயைக் கடித்ததுபோல் போனதைக் கேமரா பிடித்துக்கொண்டது. கை தட்டுவதற்கு முன் ஒன்று: ஜெர்வைஸ் அந்த விழாவைத் தொகுத்து வழங்கியது அது ஐந்தாவது முறை. கட்டியங்காரனுக்கும் கூலி உண்டு.

அன்று பந்தியில் என்ன பரிமாறினார்கள் தெரியுமா? பூமியைக் காப்பாற்ற முழுச் சைவம். பால்கூடக் கிடையாது. காளானைத் தடித்த வில்லையாக நறுக்கி, கடல் சிப்பி இறைச்சிபோல் ஜோடித்துத் தட்டில் வைத்தார்கள். விருது வாங்க மேடையேறிய நடிகர் வாக்கின் ஃபீனிக்ஸ் அதைப் பாராட்டிவிட்டு, விருது விழாவுக்காகப் பாம் ஸ்பிரிங்ஸ் போய்வரத் தனி விமானம் வேண்டாமே என்று சக நடிகர்களைக் கேட்டுக்கொண்டார். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரம், ஐயா. நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் அதைவிட அதிகத் தூரம் வேனில் போகிறார்கள். ஃபீனிக்ஸை நான் நம்புகிறேன். மூன்று வயதிலிருந்தே இறைச்சியும் பாலும் தொடாதவர். அவர் சொன்னது அவர் தொழில்காரர்களைப் பார்த்து, உங்களையும் என்னையும் பார்த்து அல்ல.

எனக்கு நேரில் கண்ட அனுபவமும் உண்டு. ஒரு நட்சத்திரம் மரம் நட வந்தார். முந்தின நாளே குழி தயார். கன்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு அப்படியே இறக்கி, மூன்று கைப்பிடி மண் போட்டு, புகைப்படக்காரர் கேட்டதற்காக நான்காவது பிடியும் போட்டார். பையைக் கிழிக்கவில்லையே என்றேன். ‘எடுத்தால் வேர் ஆடிவிடும்’ என்றார் உதவியாளர். அந்தப் புகைப்படத்தை அட்டையில் போட்டவன் நான்தான். இதழ் நன்றாக விற்றது.

எனவே விமானத்தையும் பேரணியையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என் கோபம் அந்தக் காளான்மீதுதான். எங்கள் வீட்டிலும் வாழைக்காயைத் துண்டம் துண்டமாக நறுக்கிச் சைவ மீன் குழம்பு என்று பெயர் வைக்கிறார்கள். வாழைக்காய்க் குழம்பு என்றால் யார் எழுந்து போகப் போகிறார்கள்?