வீடும் வீதியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் புதுச்சேரியின் தமிழ்ப் பகுதி வீடுகளைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நாலே நாலுக்கு மட்டும் இப்போது பதில்.

கேள்வி: ஊரைப் பிரெஞ்சுப் பகுதி, தமிழ்ப் பகுதி என்று பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில் எங்கள் தெரு. பழைய தோற்றத்தைக் காப்பாற்றச் சொல்லி மனுக் கொடுக்கப் போகிறோம். தெருவின் கட்டடக்கலைத் தன்மையை மதிப்பிட்டு எழுதி இணைக்கச் சொல்கிறார்கள். பழைய வீடுகள் ஆறோ ஏழோதான் மிச்சம். எதை எழுதுவது? (வாசகர், புதுச்சேரி)

பதில்: அந்த ஆறேழு வீட்டை மட்டும் படம் பிடித்து ஒட்டி அனுப்பிவிடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பார்க்கிற அதிகாரியும் 'சரி, ஆறு வீடு, மற்றதெல்லாம் போகட்டும்' என்று முடித்துவிடுவார்.

காலையில் ஆறரை மணிக்கு, பைக்குகள் வரிசைகட்டி நிற்பதற்கு முன்னால், தெருக்கோடியில் நின்று பாருங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் வீடு தெருவோடு பேசாது. உயர்ந்த மதில், ஒரு பெரிய கதவு, தோட்டமெல்லாம் உள்ளே. மேற்கே வந்தால் வீடு தெருவிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். முதலில் தாழ்வாரம், அதாவது மரத்தூண் நட்டு ஓடு சாய்த்து இறக்கிய இடம், வழிப்போக்கர் யாரும் ஒதுங்கலாம். அதற்கு உள்ளே திண்ணை, வீட்டுக்கு வருகிறவர் உட்கார. அப்புறம்தான் நிலைக்கதவு, நடை, முற்றம். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியே கட்டியிருப்பதால் ஒரு வீட்டின் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டினுடையது தொடங்கும். ஒரு காலத்தில் மழைக்கும் வெயிலுக்கும் நனையாமல் காயாமல் தெருவின் பாதித் தூரம் நடந்துவிடலாம். உங்கள் தெருவின் தன்மை என்று நான் சொல்வது இந்தத் தொடர்ச்சியைத்தான், அது எந்த ஒரு வீட்டுப் பட்டாவிலும் இருக்காது.

அதனால் எல்லா வீட்டையும் எழுதுங்கள், நேற்றுக் கட்டியதையும் சேர்த்து. ஒரு பக்கம் முழுக்க நடந்து, வீட்டு எண் போட்டு, தாழ்வாரம் எங்கே தொடர்கிறது, எங்கே அறுந்துபோகிறது, முன்சுவர் ஒரே கோட்டில் நிற்கிறதா அல்லது யாராவது காரை நிறுத்துவதற்காகப் பின்னால் தள்ளிக் கட்டியிருக்கிறார்களா, மாடி எத்தனை, கைப்பிடிச் சுவர் எந்த உயரத்தில் நிற்கிறது, வாசலைக் குடும்பம் புழங்குகிறதா கடை வைத்திருக்கிறார்களா என்று குறியுங்கள். பிறகு மறுபக்கம். எதிர்ச்சாரியில் நின்று ஒவ்வொரு முகப்பையும் நேராகப் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டால் தெருவே ஒரு நீளச் சித்திரமாகக் கிடைக்கும். எது அந்த வரிசையை உடைக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம், வைசியாள் வீதி இருக்கிறதே. மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு முன்னின்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவிப் பணத்தோடு அங்கே வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள், 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விருது தெருவுக்கு. இதை மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு டச்சுக்காரர் காலத்தது என்று தாத்தா சொல்வார். நம்பலாமா? (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: தாத்தா பாதி சரி. டச்சுக்காரர்கள் புதுச்சேரியை வைத்திருந்தது 1693-லிருந்து 1699 வரை, ஆறே வருடம். சதுரங்கக் கட்டம் போல நேர் நேராகத் தெரு போட்ட வரைபடம் அவர்களுடையது. ஆனால் 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள், 1765-க்கு அப்புறம்தான் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். அதே பழைய தெருக்கோட்டின் மேலேயே கட்டினார்கள். அதனால் தெரு டச்சு, அதில் நிற்கிற வீடு பெரும்பாலும் அதற்கு ரொம்பப் பிந்தையது. 1738-ல் கட்டியதாகச் சொல்கிற ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை மாதிரி விதிவிலக்கு மிகக் குறைவு.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை பரணில் ஏறி ஓட்டில் ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். கம்பெனிப் பெயர் அச்சடித்திருந்தால் அது மங்களூர் ஓடு, 1860-களுக்குப் பிறகுதான் அது வந்தது. கையால் செய்த நாட்டு ஓடாக இருந்தால் இன்னும் பழையதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஏனென்றால் ஓட்டை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றுவார்கள். மொட்டைமாடிக் கூரை என்றால் கீழிருந்து பாருங்கள்: மர உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சரித்து அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்திருந்தால் அது மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய முறை. அந்த வேலையை இன்று சொன்னால் செய்கிற ஆள் கிடைப்பதே கஷ்டம்.

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாக ஒரு விடுதி வந்திருக்கிறது. மஞ்சள் பெயிண்ட், வெள்ளைப் பட்டை, வளைவு வைத்த ஜன்னல், பார்க்க அச்சு அசல் பிரெஞ்சு பங்களா. இதையும் மரபுக்குப் பொருந்தியது என்று கணக்கில் எடுக்கலாமா? (வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: தரைத்தளத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்: கார் நிறுத்துகிற இடமும் ஒரு ஷட்டரும்.

பிரெஞ்சையும் தமிழையும் கலப்பது தப்பே கிடையாது. தமிழ்ப் பகுதியில் நிறைய வீடுகள் அப்படித்தான் வளர்ந்தன. கீழே மரத்தூணும் திண்ணையும், மேலே போனால் வளைவு வைத்த ஜன்னல், அதில் சாய்பலகைக் கதவு, சுவரில் அரைத்தூண், உச்சியில் கைப்பிடிச் சுவருக்கு அலங்காரம். மாடிக்குக் காசு சேர்ந்தபோது அந்தக் காலத்து நாகரிகப்படி வீட்டுக்காரர் கட்டிக்கொண்டது. கீழ்த்தளம் அப்போதும் தெருவை விட்டுக்கொடுக்கவில்லை.

நீங்கள் சொல்கிற கட்டடம் மேல்தோற்றத்தை மட்டும் பிரெஞ்சுப் பகுதியிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், அலங்காரமே இல்லாத ஒரு மொட்டைச் சுவர் வீடு, முன்கோட்டில் நின்று, பக்கத்து வீட்டு உயரத்தை மதித்து, வாசலில் ஒரு தாழ்வாரமும் இறக்கியிருந்தால் அதற்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன். விடுதியைக் கணக்கில் எடுங்கள், ஆனால் 'தெரு வரிசையை உடைக்கிறவை' என்ற பத்தியில்.

கேள்வி: பாகப்பிரிவினைக்குப் பிறகு அண்ணன் பங்குத் திண்ணையில் கிரில் போட்டு அடைத்துவிட்டார், பழைய பூச்சு உதிர்கிறது என்று சிமெண்டும் பூசிவிட்டார். வீட்டின் மதிப்பு போய்விட்டதா? (வாசகி, காரைக்கால்)

பதில்: கிரிலுக்காக அண்ணனோடு சண்டை வேண்டாம். வெல்டிங்காரரைக் கூப்பிட்டால் அரை நாளில் கழற்றிவிடுவார், திண்ணை அப்படியே இருக்கும். குறிப்பு எழுதும்போது 'அடைக்கப்பட்டுள்ளது, மீட்கலாம்' என்று எழுதினால் போதும்.

சிமெண்ட்தான் கவலை. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்கும், மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, ரெண்டு மழைக்காலத்தில் பூச்சு செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு பொத்தென்று விழும். இது தெரியாமல் எங்கள் வீட்டிலேயே பூசி, மூன்றாம் வருடம் மொத்தமாக உரித்தோம். அடுத்த கொத்தனாரிடம் கூலி பேசுவதற்கு முன், சுண்ணாம்புப் பூச்சில் சேர்க்கிற கடுக்காயை எத்தனை நாள் ஊறவைப்பீர்கள் என்று கேட்டோம். சிரித்தவரை அனுப்பிவிட்டோம், பதில் சொன்னவரை வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வாசல்படிகளை எண்ணி எழுதி வையுங்கள். பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுவதால் தெரு உயர்ந்துகொண்டே போகிறது, எங்கள் அம்மா மூன்று படி ஏறி வந்த வீட்டில் நாங்கள் இப்போது ஒரு படிதான் ஏறுகிறோம், ஐப்பசி மழைக்கு அந்த ஒன்றும் தண்ணீருக்குள்.