மணிக்கு ஒரு சலங்கை

தக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஐந்து மாத லாப்ரடார் குட்டி, ஆண், பெயர் மணி. “இரண்டு மாதமாகப் பழக்குகிறோம். ஆனாலும் வாரத்தில் நாலைந்து தடவை வாசல் மிதியடியில்தான் மூத்திரம் போகிறது. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். எதிர்வீட்டு நாய் வெளியே போக வேண்டுமென்றால் குரைத்துக் கூப்பிடுகிறது. எங்கள் மணி வாயே திறப்பதில்லை. அடுக்களையில் என் பின்னால் வந்து சும்மா நின்று முகத்தைப் பார்க்கும், அவ்வளவுதான். குரைக்கப் பழக்கலாமென்றால் கீழே வீட்டுக்காரர் இருக்கிறார். வேறு வழி உண்டா டாக்டர்? மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.”

இதில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். ‘சும்மா நின்று முகத்தைப் பார்க்கும்.’ சும்மா நிற்கவில்லையம்மா, கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது. உங்கள் கண் தோசைக்கல்லில் இருப்பதால் தெரியவில்லை. அரை நிமிஷம் பார்க்கும். பதில் வராது. வாசலுக்குப் போகும். கதவு சாத்தியிருக்கும். காலுக்கடியில் கயிற்று மிதியடி. அதற்குமேல் ஐந்து மாதக் குட்டி என்ன செய்யும்? வெளியேதான் போக வேண்டும் என்பது அதற்குப் புரிந்துவிட்டது. இல்லையென்றால் கட்டிலடியில் போயிருக்கும், வாசல்வரை வந்திருக்காது. உங்கள் முதுகுக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்தான் அதனிடம் இல்லை. அதைக் கொடுத்துவிடலாம்: வாசல் பக்கத்தில், மூக்கால் முட்டி ஒலிக்க ஒரு சலங்கை.

அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகிறதா, நிறம் சிவந்திருக்கிறதா, திடீரென்று தண்ணீர் அதிகம் குடிக்கிறதா? அப்படியானால் பழக்கமெல்லாம் பிறகு, முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முக்கியும் மூத்திரமே வரவில்லையென்றால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஆண் நாய்களில் அது அவசரம்.

எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணிநேரம். உங்கள் ஐந்து மாத மணிக்கு ஆறு மணிநேரம் என்று வரும். ஆனால் அது உச்ச எல்லை, அதுவும் தூங்கிக்கொண்டிருந்தால். விழித்து ஓடியாடும் குட்டிக்கு இரண்டு, மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை வெளியே போயாக வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலும், விளையாடி முடித்ததும் கண்டிப்பாக. வயிற்றில் உணவு விழுந்ததுமே பெருங்குடல் அசையத் தொடங்கிவிடும், நமக்கும் அப்படித்தானே. இந்த நேரங்களில் அது கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். சலங்கை நடுவில் வருகிற அவசரத்துக்கு.

நாயும் மணியும் என்றால் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நினைவுக்கு வருவார். 1904இல் நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய நாய்கள் ஓசையைக் கேட்டு, சோறு வருகிறது என்று எச்சில் ஊறின. நமக்கு வேண்டியது அந்தக் கதையல்ல, திருவாரூர்க் கதை. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைப் பசுவே வந்து அடித்தது, ராஜா எழுந்து வெளியே வந்தார். அடித்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் எந்தப் பிராணியும் இரண்டாம் தடவை அடிக்கும்.

நாட்டியச் சலங்கை அளவில் நாலைந்து மணிகளைக் கெட்டியான நாடாவில் தைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய கொலுசு மணி வேண்டாம், பிய்த்து விழுங்கிவிடும். லாப்ரடார் எதைத்தான் விழுங்காது! பூஜைக் கைமணியின் ஓசையோடு ஒத்துப்போகாததாகப் பாருங்கள். சாயங்காலம் மாமியார் தீபாராதனை காட்டும்போது குட்டி வாசலுக்கு ஓடினால் வீட்டில் இன்னொரு பிரச்சினை. மூக்கு உயரத்தில் தொங்க வேண்டும். குட்டி வளர வளர ஏற்றிக் கட்டுங்கள்.

எல்லாரும் செய்கிற தவறு, அதைக் கதவிலேயே மாட்டுவது. பால்காரர் வந்தாலும் ஒலிக்கும், பிள்ளைகள் ஓடினாலும் ஒலிக்கும், பத்தே நாளில் உங்கள் காது அதைக் கேட்பதையே விட்டுவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு வீட்டில், நல்ல ஆடிக்காற்று நேரத்தில், ஜன்னலோரமாகக் கட்டியிருந்தார்கள். காற்றாலையைச் சுற்றுகிற காற்று சலங்கையை விடுமா? நாள் முழுக்க ஜல் ஜல் என்று கிடந்தது. நாய் அடித்ததும் காற்று அடித்ததும் ஒன்றாகிவிட, நாய் பழையபடி மிதியடிக்கே போய்விட்டது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து, காற்றுப் படாமல் தொங்க விடுங்கள்.

பழக்குவது கஷ்டமில்லை. வேகவைத்த கோழி ஈரலை நிலக்கடலை அளவுக்கு நறுக்கி வையுங்கள். (ஏத்தங்காய் சிப்ஸ் வேண்டாம், உப்பும் எண்ணெயும். கருவாடும் அப்படியே.) சலங்கையைக் கையில் பிடித்து மூக்குக்கு முன் நீட்டுங்கள். மோந்து பார்க்கும். மூக்குப் பட்ட அந்தக் கணமே ‘சபாஷ்’ என்று சொல்லி ஒரு துண்டு. இரண்டு வினாடி தாமதித்தால்கூட எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை போதும். சத்தத்துக்கு மிரண்டால் சலங்கையின் மேல் துணியைச் சுற்றி, நாளாக ஆகத் துணியைத் தளர்த்துங்கள். தயங்காமல் வந்து முட்டத் தொடங்கியதும் சுவரில் மாட்டி அங்கேயும் இதையே செய்யுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். ஈரலை இங்கே நிறுத்திவிடுங்கள். இனி சலங்கைக்குப் பரிசு, கதவு திறப்பது. ஒவ்வொரு தடவை வெளியே கூட்டிப்போகும் முன்பும் சலங்கையருகே நின்று விரலால் காட்டுங்கள். மூக்கால் முட்டியதும் கதவு திறக்க வேண்டும், வாரை மாட்டிப் படியிறங்க வேண்டும், தினமும் ஒரே இடத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே போய் முடித்ததும், அங்கேயே, ஈரல். மாடிக்கு வந்து கொடுத்தால் படியேறியதற்குக் கொடுத்ததாகத்தான் அது நினைக்கும். முடித்த உடனே மேலே இழுத்து வராதீர்கள். இரண்டு நிமிஷம் நடக்க விடுங்கள். இல்லாவிட்டால், மூத்திரம் போனதும் ஊர்சுற்றல் முடிந்துவிடும் என்று அடக்கி வைக்கக் கற்றுக்கொள்ளும்.

ஒருநாள் நீங்கள் அழைக்காமலேயே போய்த் தட்டும். அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ‘இதோ வரேன், இரு’ என்று ஐந்து நிமிஷம் நிறுத்தினால் பழைய கதைதான். வீட்டில் யார் காதில் விழுந்தாலும் அவர் எழுந்துவிட வேண்டும். நான் பார்த்தவரையில் குட்டி சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. மொபைலைக் கீழே வைக்க மனிதர்களுக்குத்தான் நாளாகிறது.

சரி, காக்கா பார்க்கவும் அடிக்குமே என்பீர்கள். அடிக்கும். எங்கள் வீட்டு நாய் எதிர் விளையில் மேய்கிற ஆட்டைப் பார்ப்பதற்காக ஒரு மாதம் எங்களைப் படியேற்றி இறக்கியது. அதற்கு மருந்து சலிப்பு. அடித்தால் கூட்டிப்போங்கள், ஆனால் வாரோடு, அதே இடத்துக்கு மட்டும். பேச்சு வேண்டாம், விளையாட்டு வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் போகவில்லையென்றால் மேலே வந்துவிடுங்கள். விளையாட்டுக்குப் போகிற நேரத்தில் சலங்கைப் பக்கமே போகாமல், நீங்களாக வாரை எடுத்துக் கிளம்புங்கள்.

மழைக்கு வருவோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. நனைந்த தரையில் கால் வைக்கப் பல நாய்களுக்குப் பிடிக்காது. வீட்டுக்காரரிடம் கேட்டு, மாடிப்படிக்கு அடியிலோ ஷீட் இறங்குகிற ஓரத்திலோ இரண்டு சட்டி மணலைக் கொட்டி அதையே மணியின் இடமாக்கிக்கொள்ளுங்கள். வெயில் நாளிலும் அங்கேயே பழக்குங்கள், மழையன்று புதிதாகத் தேட வேண்டாம். குடையோடு நீங்களும் நில்லுங்கள். தேங்கிய தண்ணீரை நக்க விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த நீரில்தான் எலிக்காய்ச்சல் இருக்கிறது, நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். அதற்கான தடுப்பூசியும், குட்டிகளுக்குக் கடும் வாந்திபேதி தருகிற பார்வோ வைரஸுக்கான தடுப்பூசியும் முழுமையாகப் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள்.

அந்த மிதியடியை ஒரு மாதம் எடுத்து வைத்துவிடுங்கள். சொரசொரப்பாக, ஈரத்தை உறிஞ்சுவதாக இருப்பதால் நாயின் காலுக்கு அது புல்லும் மண்ணும்தான். கழுவினாலும் நாரில் வாடை நிற்கும். தரையில் போனால் பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். அம்மோனியா கலந்த கிளீனர் அதைவிட மோசம், மூத்திர வாடையாகவே அதற்குத் தோன்றும். பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் மட்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

மூக்கைத் தேய்ப்பது, துடைப்பத்தால் அடிப்பது இரண்டும் வேண்டாம் என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மூத்திரம் போனதே தப்பு என்று நினைத்துக்கொண்டு உங்கள் கண்ணில் படாத இடம் தேடும், பிறகு வெளியே வாரோடு நிற்கும்போதும் உங்கள் முன்னால் போகாது. போய்க்கொண்டிருக்கும்போதே கண்டால் கையைத் தட்டி நிறுத்தி வெளியே கூட்டிப்போகலாம். அரை மணி கழித்துக் கண்டால் துடைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

சில குட்டிகள் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும், சிலவற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இன்னும் சில மாதத்தில் காலைத் தூக்கி நாற்காலிக் காலில் கொஞ்சமாகத் தெளிக்கத் தொடங்கினால் சலங்கையைக் குறை சொல்லாதீர்கள். அது எல்லை குறிக்கிற வேலை, அதற்கு வைத்தியம் வேறு. அம்மா வீட்டுக்கு லீவுக்குப் போகும்போது சலங்கை நாடாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய் இறங்கியதும், காப்பி குடிப்பதற்கு முன்னால், வாசல் பக்கம் அதைத் தொங்கவிட்டு மணியை ஒரு தடவை முட்ட வைத்து வெளியே கூட்டிப்போய் வாருங்கள்.